இஞ்சினுக்குத் தெரிந்த தூரம்

கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் பொறுமை வெல்டருக்கு இல்லை. காவலாளியின் காலரைப் பிடித்துத் தூக்கி, அவரையே கேட்டின் மேல் எறிந்தார். கேட் திறந்துகொண்டது. காவலாளியின் பல் ஒன்று என் செருப்பருகே வந்து விழுந்தது.

"பெல் இருக்கு பாஸ், இதோ இங்கதான்," என்றேன்.

"வாயாடி, பேசாம வா."

வாயாடி நான்தான். பாஸ் துப்பறிவாளர். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. அதனால் ஓடுவது, சுவர் ஏறுவது, அடி வாங்குவது எல்லாம் என் இலாகா. யோசிப்பது மட்டும் அவருடையது. இது அநியாயம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன், அந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

வெல்டர் அன்று காலை எங்கள் ஆபீஸ் கதவை உடைக்காத குறையாகத் தட்டியவர். அவருடைய ஒரே தங்கை கார் எலக்ட்ரீஷியன். அண்ணன் தம்பி இருவர் நடத்தும் இந்தப் பழைய கார் யார்டில்தான் வேலை. ஊரே அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடும். காலையில் வேலைக்கு வந்த தங்கை அண்ணனுக்கு போன் செய்திருக்கிறாள். "அண்ணா, வெள்ளிக் கலர் கார் ஒண்ணு வந்திருக்கு. டிக்கி பூரா ரத்தம். பெரியவர் என்னைப் பார்த்துட்டு, இந்தப் பக்கமே இருக்காதே, ஓடிப் போயிடுன்னு சொல்றார்…" அத்தோடு ஓர் அலறல். அதற்குப் பிறகு போன் எடுபடவே இல்லை. போலீஸில் போய்ச் சொன்னதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"பெரியவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் சார்," என்று வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் வெல்டர்.

"கிடைக்கிறது இருக்கட்டும்," என்றார் பாஸ். "ரத்தத்தைப் பார்த்த பொண்ணை இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டாங்க. வேகமா நடங்க."

யார்டுக்குள் நுழைந்ததும் சின்னவர் எதிரே வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. கேட்டில் ரத்தம் வழியக் கிடந்த காவலாளியை ஒரு தரம் பார்த்தார், கோபமே படவில்லை. எனக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை.

"வாங்க, வாங்க. அண்ணனைத் தேடித்தானே வந்திருக்கீங்க? காலையிலேர்ந்து ஆளையே காணோம். அந்தப் பொண்ணையும் காணோம். எனக்கே கை காலெல்லாம் நடுங்குது."

நடுங்கியதாக எனக்குத் தெரியவில்லை. வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்ததுதான் தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஜாக்கி நழுவிடுச்சு," என்றார், யாரும் கேட்காமலே.

தங்கையின் கருவிப் பை ஷெட்டில் மேஜை மேல் இருந்தது. பாஸ் அதைத் தலைகீழாகக் கொட்டினார். டெஸ்டர், டேப், வயர் கட்டர், ஸ்க்ரூடிரைவர்கள்.

"எது இல்லை, பாருங்க."

வெல்டர் கிளறிப் பார்த்தார். "ஸ்கேனர் இல்லை சார். கறுப்பா, தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கும். ஸ்டீரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகினா காரோட கோளாறெல்லாம் போன்ல தெரியும். வயர் கிடையாது, புளூடூத்."

"திருடுறவன் பையோட தூக்கிட்டுப் போயிருப்பான். அதை மட்டும் காணோம்னா, அவ கடைசியா எதுல சொருகினாளோ அதுலயே இருக்கு." பாஸ் வெளியே கை காட்டினார். வெயிலில் வரிசை வரிசையாகக் கார்கள், ஒரு திருவிழாக் கூட்டமே நிற்கும் அளவுக்கு.

"வெள்ளிக் கலர் கார்னு சொன்னாளே," என்றேன்.

"முப்பது வெள்ளி நிக்குது, உன் கண்ணு எங்க இருக்கு?" என்றவர் வெல்டரிடம் திரும்பினார். "உங்க போன் அந்த ஸ்கேனரோட எப்பவாவது பேசியிருக்கா?"

"என் வேனைப் பார்க்க அவதான் ஆப் போட்டுக் கொடுத்தா. ஆப்பைத் திறந்தா தானே போய் ஒட்டிக்கும்."

"அப்ப திறந்து வெச்சுக்கிட்டு நடங்க."

அப்படியே நடந்தோம். வெல்டர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால், நொண்டிக்கொண்டு பாஸ் பின்னால், நடுவில் நான். ஸ்கேனர் நாலைந்து கார் தூரத்துக்கு மேல் எட்டாது. கார் ஓடாமல் நின்றாலும் அந்தச் சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்று வெல்டர் சொன்னார். மூன்றாவது வரிசையின் கடைசியில் போன் 'கனெக்டட்' என்றது. வெல்டர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

வெள்ளிக் கார். உள்ளேயும் வெளியேயும் கழுவிவிட்டிருந்தார்கள், பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. டிக்கியின் ரப்பர் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். கழுவியவனுக்கு அங்கே கை எட்டவில்லை. கறுத்து உறைந்த ரத்தமும் நீளமான நாலு முடியும் இருந்தன.

"என் தங்கச்சிக்குக் குட்டை முடி," என்றார் வெல்டர். அந்த நிம்மதிக்காகத் தன்னையே அருவருத்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாரோ ஒருத்தி அந்த டிக்கியில் செத்திருக்கிறாள்.

சின்னவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அந்தக் கார் ஒரு வாரமா நகரவே இல்லை சார். மீட்டரையே கழட்டி வெச்சிருக்கு, பாருங்க."

உண்மைதான். கிலோமீட்டர் காட்டும் மீட்டர், வயர்கள் தொங்க, சீட்டில் கிடந்தது. பழைய கார் வியாபாரத்தில் இது அன்றாட வேலை. மீட்டரைக் கழற்றி ஓடிய தூரத்தைக் குறைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். தங்கை அந்த வேலைக்காகத்தான் காரைத் திறந்திருக்கிறாள். மீட்டர் இல்லாமல் கார் எங்கே போய் வந்தாலும் அதில் ஒன்றும் ஏறாது.

பாஸ் காரிலேயே தொங்கிய சாவியைத் திருகினார். வெல்டரின் போனை வாங்கி நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இஞ்சின் சூடு அறுபது டிகிரி…"

"ஒரு வாரமா நிக்கிற இஞ்சினுக்கு ஜுரமா?" என்றார் பாஸ்.

சின்னவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்ப அண்ணன்தான் எடுத்திருப்பாரு. எனக்குத் தெரியாது சார்."

"மேல படி."

"கோளாறு அழித்த பிறகு ஓடிய தூரம், பதினொரு கிலோமீட்டர். அழித்த பிறகு இஞ்சின் சூடேறிய தடவை, பூஜ்யம். என் கணக்கு மார்க் மாதிரி."

"தூரத்துக்கு வா. அது என்ன?"

வெல்டர் விளக்கினார். "கோளாறு இருந்தா மஞ்சள் லைட் எரியும் சார். ஸ்கேனர்ல அழிச்சா அணைஞ்சிடும். அழிச்ச நிமிஷத்துலேர்ந்து எவ்வளவு ஓடிச்சுன்னு இஞ்சினோட கம்ப்யூட்டர் தனியா எண்ணும். அதுக்கு மீட்டர் வேண்டாம். இங்கே ஆள் வந்து கார் பார்க்கிறதுக்கு முன்னாடி தினமும் காலையில எல்லாக் கார்லயும் அழிச்சு வைப்பாங்க, லைட் எரிஞ்சா எவன் வாங்குவான்?"

"அப்ப காலையில இங்க அழிச்சிருக்கு. போக அஞ்சரை, வர அஞ்சரை," என்றார் பாஸ். "அஞ்சரை கிலோமீட்டர்ல என்ன இருக்கு?"

"எங்க ஐஸ் பேக்டரி இருக்கே!" என்றார் சின்னவர். "மூடிக் கிடக்கு. அண்ணன் அங்கதான் வெச்சிருப்பாரு. ஐயோ, அந்தப் பொண்ணு என் கூடப் பிறந்த மாதிரி சார்." பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டு பறந்தோம். நன்றி வேறு சொன்னேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐஸ் பேக்டரியில் ஐஸும் இல்லை, தங்கையும் இல்லை. கதவுக்குப் பின்னால் இரண்டு தடியர்கள் இருந்தார்கள்.

முதல் அடி எனக்குத்தான். இரும்புக் கம்பி விலாவில் இறங்கியது, உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த இடத்தில் ஐஸ் கட்டியை இழுக்கும் கொக்கி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்து, அடித்தவன் கெண்டைக்காலில் மாட்டி இழுத்தேன். தசை கிழிந்தது. அவன் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

இன்னொருவன் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வெல்டர் மேல் பாய்ந்தான். வெல்டர் விலகவில்லை. சங்கிலி தோளில் விழுந்து சதையைப் பிய்த்தது. அவர் அதைப் பிடித்து இழுத்து, அவன் முகத்தைச் சுவரில் மோதினார். மறுபடி மோதினார். "எங்கடா? என் தங்கச்சி எங்கடா?" மூன்றாவது தடவை சுவரில் பாதி மூக்கின் அச்சு இருந்தது.

"விடுங்க, வாய் மிஞ்சட்டும். பேசணும்," என்றார் வாசலில் நின்ற பாஸ்.

அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "மூணு பேர் வருவாங்க, ஒரு மணி நேரம் இங்கேயே இழுத்துப் பிடின்னாரு சின்னவர். அவ்வளவுதான் தெரியும். பொண்ணை நான் பார்த்ததே இல்லை."

சின்னவரா! சாவியைக் கொடுத்த கையின் உரிந்த தோல் இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கூட்டு," என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கே போய்த் தேடுவேன் சார்? செத்துட்டாளா சார் அவ?"

பாஸ் வெளியே வந்து வேனின் படியில் உட்கார்ந்துகொண்டார். "வாயாடி, கார்ல படிச்சியே, தூரத்துக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"பூஜ்யம். இஞ்சின் சூடேறின தடவை."

"நீ படிச்சப்பவே நான் யோசிச்சிருக்கணும். சின்னவன் நம்மளை நல்லா ஏமாத்திட்டான்." தன் மடங்காத காலையே ஓங்கிக் குத்திக்கொண்டார். "காலையில யார்டுல அழிச்சிருந்தா இஞ்சின் பச்சைத் தண்ணியா இருந்திருக்கும். அப்புறம் ஓடினா குளிர்லேர்ந்து சூடேறியிருக்கும், ஒண்ணுன்னு காட்டியிருக்கும். பூஜ்யம்னா, அழிக்கும்போதே இஞ்சின் சூடா இருந்துச்சு."

"அப்படின்னா?"

"யார்டுல அழிக்கலை. போய்ச் சேர்ந்த இடத்துல அழிச்சிருக்கு. திரும்பி வந்த தூரம் மட்டும்தான் பதினொண்ணு. நான் அதைப் பாதியா வெட்டிட்டேன்."

"கடத்திட்டுப் போனவன் எதுக்கு அங்க நின்னு லைட்டை அழிக்கப் போறான்?" என்றேன்.

"அவன் அழிக்கலை." பாஸ் வெல்டரைப் பார்த்தார். "உங்க தங்கச்சிகிட்ட இன்னொரு போன் உண்டா?"

வெல்டரின் வாய் திறந்தபடியே நின்றது. "சிம் இல்லாத பழசு ஒண்ணு இருக்கு சார். நல்ல போன்ல கிரீஸ் படும்னு, ஸ்கேனருக்குன்னே வெச்சிருப்பா. ஓவரால்ஸ் உள்பாக்கெட்ல கிடக்கும்."

"நல்ல போனைப் பிடுங்கிட்டாங்க, பழசு அவங்க கையில சிக்கலை. சிம் இல்லாத போன்ல உங்களைக் கூப்பிட முடியாது, போலீஸைக் கூப்பிட்டுப் பேசினா ஓட்டுறவனுக்குக் கேட்டுடும். காரோட மட்டும்தான் பேச முடியும். கார் போய் நின்னதும், இஞ்சின் அணையறதுக்குள்ள, டிக்கிக்குள்ள படுத்துக்கிட்டே அழிச்சிருக்கா. யாராவது ஒருத்தன் படிப்பான்னு நம்பி."

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வேனைக் கிளப்பிவிட்டார். "யார்டுலேர்ந்து பதினொண்ணுன்னா பைபாஸ் தாண்டி. அங்க இவனுங்களோட பழைய இரும்பு யார்டு இருக்கு. கார் நசுக்குற மெஷின் இருக்கு சார்."

நான் விலாவைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் தொற்றிக்கொண்டேன்.

மெஷின் சத்தம் ரோட்டிலேயே கேட்டது. வெல்டர் பிரேக் போடவில்லை; தகர கேட்டை வேனாலேயே கிழித்துக்கொண்டு உள்ளே போனார். குவியல் குவியலாகச் செத்த கார்கள். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு அந்த பிரஸ் மெஷின், இரும்பு வாயை இறக்கி எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் சிவப்புக் கார் ஒன்று தன் முறைக்காகக் காத்திருந்தது. அதைக் கவ்வ கிரேன் கை நீண்டது. கீழே சின்னவர், கிரேன்காரனுக்குக் கையசைத்துக்கொண்டு நின்றார்.

நான் கிரேனில் ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் விலா குத்தியது. கிரேன்காரன் ஸ்பானரை ஓங்கினான். நான் கேபினில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அவன் வாயிலேயே இடித்தேன். அவன் மல்லாந்து கீழே இரும்புக் குவியலில் விழுந்தான். தோளுக்குள் புகுந்த கம்பி முன்னால் எட்டிப் பார்த்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன்.

கீழே சின்னவர் கத்தியை உருவினார். வெல்டர் அந்தக் கத்தியை வெறுங்கையால் பிடித்தார். விரல்களின் நடுவே ரத்தம் கொட்டியது, பிடி தளரவில்லை. மறு கையால் சின்னவரின் முழங்கையைத் தப்பான பக்கம் மடக்கினார். அது ஒடிந்தது மெஷின் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது.

"மெயினை அணைங்க பாஸ்!" என்று கத்தினேன்.

ஓடாத பாஸ் அன்று ஓடினார். காலை இழுத்து இழுத்து, பாதி விழுந்து, சுவரில் இருந்த பெரிய நெம்புகோலைத் தொங்கி இறக்கினார். எல்லாம் நின்றது. அந்த அமைதியில் சிவப்புக் காரின் டிக்கிக்குள்ளிருந்து உதைக்கும் சத்தம் வந்தது.

வெல்டர் கடப்பாரையால் டிக்கியைப் பிளந்தார். உள்ளே தங்கை கை கால் கட்டுண்டு, ஒரு கண் வீங்கி மூடி, உதடு கிழிந்து கிடந்தாள். உயிர் இருந்தது. வெல்டர் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா, பாப்பா," என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் வெல்டர் தலை நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "பெரியவன் எங்க? சொல்லு. அவனையும் முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு."

"அவரைத் திட்டாதே அண்ணா." அவள் குரல் கரகரத்தது. "ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிப் போயிடுன்னார். நான்தான் உனக்கு போன் பண்ண நின்னேன். சின்னவன் என்னை இங்க கொண்டு வந்து, கை காலைக் கட்டி இந்தக் கார்ல மாத்திப் போட்டதும், பெரியவர் பின்னாடியே தன் கார்ல வந்துட்டார். அந்தப் பொண்ணை விடுடா, ஒருத்தியைக் கொன்னது போதாதான்னு சின்னவன் கால்ல விழுந்தார். அவரையும் அடிச்சு, பக்கத்துக் கார் டிக்கியில போட்டுப் பூட்டிட்டான்."

பாஸ் மெதுவாக மெஷின் பக்கம் திரும்பினார்.

"கிரேன் முதல்ல என் காரைத்தான் தூக்குச்சு அண்ணா. எனக்கு மேல போறது தெரிஞ்சுது. அப்ப அவர் பக்கத்துலேர்ந்து கத்த ஆரம்பிச்சார். சின்னவனை வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். 'ஆம்பளையா இருந்தா கூடப் பிறந்தவனை முதல்ல போடுடா, பொட்டைப் பிள்ளையைக் கொல்றதுதான் வீரமா'ன்னு. அவனுக்கு வெறி வந்துடுச்சு. என்னைக் கீழ இறக்கிட்டு அவரைத் தூக்கச் சொன்னான்." அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகும் திட்டிக்கிட்டே இருந்தார் அண்ணா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்த சின்னவர் முகத்தை மூடிக்கொண்டார். பாஸ் போலீஸுக்கு போன் செய்துகொண்டிருந்தார்.

வெல்டர் தங்கையை என் மடியில் கிடத்திவிட்டு எழுந்தார். மெஷினிடம் போனார். இறங்கியிருந்த இரும்பு வாயின் ஓரத்தில் விரல்களைக் கொடுத்து, தூக்க முடியாத அதைத் தூக்கப் பார்த்தார். வெட்டுப்பட்ட கையின் ரத்தம் இரும்பில் வழிந்தது. பிறகு உள்ளங்கையால் தட்டினார், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

"ஐயா," என்றார். "ஐயா, கேக்குதா? அவ நல்லா இருக்கா. ஐயா, ஒரு சத்தம் குடுங்க ஐயா."

போலீஸ் வண்டி வந்து நிற்கும் வரைக்கும் அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.